பதினைந்து நிமிடத் தீவு

இஸ்கியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெந்நீருக்காகத்தான் போகிறார்கள். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மையாரின் கையில் டாக்டர் சீட்டு இருந்தது. பன்னிரண்டு வேளை வெந்நீர்க் குளியல், செலவில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. முழங்காலைத் தட்டிக் காட்டிவிட்டு, உங்களுக்கு எங்கே வலி என்று சைகையால் கேட்டார். எனக்கு வலி எதுவும் இல்லை, சதுரங்கத்துக்காகப் போகிறேன் என்று சொல்லிப் புரியவைக்கும் அளவுக்கு என் இத்தாலிய மொழி போதவில்லை. பொதுவாக முதுகைக் காட்டினேன். அனுதாபத்தோடு தலையசைத்தார்.

1998 ஜூலையில் இந்தத் தீவில் மூன்று நாள் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் விஸ்வநாதன் ஆனந்த். இன்னொரு பக்கம் 'ரெபெல்' என்ற கணினி நிரல். மொத்தம் எட்டு ஆட்டங்கள். கணினி 5-3 என்று வென்றது. செய்தித்தாள்களில் அந்த மொத்தக் கணக்குதான் வந்தது. அதற்குள்ளே இருந்த சின்னக் கணக்கை விடமுடியாமல் நான் நெடுநாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நேப்பிள்ஸிலிருந்து தீவுக்கு இரண்டு வழி. பழைய கோட்டைக்கு எதிரே இருக்கும் பெவரெல்லோ மேடையில் விரைவுப் படகு பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் கண்ணாடிச் சன்னலுக்குள் அடைந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இன்னொரு மேடையிலிருந்து லாரி, கார், காய்கறி வண்டி எல்லாவற்றையும் வயிற்றில் போட்டுக்கொண்டு கிளம்பும் பெரிய கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதில் மேல்தளம் உண்டு, காற்று உண்டு, காபி உண்டு. பெரியதில் ஏறினேன். பின்னால் வெசுவியஸ் மலை புகையில்லாமல் சாதுவாக நின்றது. மேல்தளத்து பெஞ்சில் ஒரு பையன் போனில் சதுரங்கம் ஆடிக்கொண்டு வந்தான். ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம். தோற்றால் முகம் சுளிக்கவில்லை, ஜெயித்தால் சிரிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் காந்தப் பலகையை எடுத்தேன். காற்றில் காய்கள் பறக்காமல் இருக்க அதுதான் வசதி. இஸ்கியா ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கு நான்கு வருடம் முன்னால், லண்டனுக்குப் போகவேண்டும்.

1994 ஆகஸ்ட் 31. இன்டெல் நிறுவனம் பணம் போட்டு நடத்திய ரேபிட் போட்டித் தொடரின் லண்டன் சுற்று. தோற்றவர் வெளியேற வேண்டிய நாக்-அவுட் முறை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஆட்டம், ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். முதல் சுற்றில் உலக சாம்பியன் காரி காஸ்பரோவுக்கு எதிரே அமர்ந்தது 'செஸ் ஜீனியஸ்'. ரிச்சர்ட் லாங் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் எழுதியது, ஓடியது பென்டியம் கணினியில். போட்டிக்குக் காசு கொடுத்த கம்பெனியின் சில்லு, போட்டியின் பெரிய நட்சத்திரத்தை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியது. கோடி கொட்டினாலும் இப்படி ஒரு விளம்பரம் அமையாது.

அந்த முதல் ஆட்டத்தை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். காஸ்பரோவுக்கு வெள்ளை. தொடக்கத்தில் எந்த அபாயமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கள் வெட்டுப்பட்டுப் போய், முப்பத்தைந்தாவது நகர்வில் பலகையில் இருந்தவை இவைதான்: இரு பக்கமும் ஒரு ராணி, ஒரு குதிரை, ஆறு சிப்பாய்கள். எண்ணிக்கை சமம். மனிதர் இருவர் ஆடியிருந்தால் அங்கேயே கை கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

இயந்திரத்துக்கு எழுந்து போகத் தெரியாது. ஜீனியஸின் ராணி வெள்ளையின் இரண்டாவது வரிசைக்குள் ஒரு செக் வைத்து நுழைந்தது. காஸ்பரோவின் ராஜா பலகை ஓரத்துக்கு ஒதுங்கியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ராணி ஒரு கட்டம் நகர்ந்து மிரட்டும், பின்வாங்கும், மையத்திலிருந்து செக் வைக்கும், மறுபடி பழைய இடத்துக்கே வரும், அப்புறம் பக்கவாட்டிலிருந்து இன்னொரு செக். ஒவ்வொரு நகர்வையும் தனியாகப் பார்த்தால் அலைக்கழிப்பு மாதிரி இருக்கும். மனித ஆட்டக்காரர் இப்படி ஆடமாட்டார்; போன இடத்துக்கே திரும்பி வர அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்தப் பத்து நகர்வுகள் முடிந்தபோது வெள்ளையின் நடுச்சிப்பாய் பலகையில் இல்லை. நாற்பத்தெட்டாவது நகர்வில் ராணிகள் வெட்டுப்பட்டன. கறுப்பின் சிப்பாய் ஒன்று தடையில்லாமல் ஓடத் தயாராக நின்றது. அறுபதாவது நகர்வில் கறுப்புக் குதிரை ஒரு செக் வைத்ததும் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த ஆட்டத்தின் காணொளி இருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டு, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு, நம்பமுடியாமல் அவர் உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்கு எந்த விளக்கவுரையையும்விட அதிகம் சொல்கிறது.

இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஜெயித்தே தீரவேண்டும். டிராதான் ஆனது. ஒன்றரைக்கு அரை என்ற கணக்கில் உலக சாம்பியன் வெளியேறினார். அடுத்து ஜீனியஸ் பிரெட்ராக் நிகோலிச்சையும் வீழ்த்தியது. அரையிறுதியில் எதிரே வந்தவர் ஆனந்த். அதே இருபத்தைந்து நிமிடம், அதே இயந்திரம். ஆனந்த் இரண்டு ஆட்டங்களையும் வென்றார்.

அப்போது நம் ஊரில் இதைப் பெருமையாகப் பேசிக்கொண்டோம். காஸ்பரோவைச் சாய்த்த கணினியை நம்ம ஆள் சாய்த்துவிட்டார் என்று. பெருமைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அதை இயந்திரத்தின் மீது மனிதன் பெற்ற வெற்றி என்று எடுத்துக்கொண்டதுதான் அவசரம். அதே வருடம் மே மாதம் மியூனிக்கில், ஐந்து நிமிட பிளிட்ஸ் போட்டியில், 'ஃபிரிட்ஸ் 3' என்ற இன்னொரு நிரல் காஸ்பரோவோடு சேர்ந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தது. தனியாக வைத்த முடிவாட்டங்களில்தான் அவர் அதை வென்றார். ஐந்து நிமிடத்தில் சமம் என்று வந்துவிட்டது, இருபத்தைந்து நிமிடத்தில் ஆளைப் பொறுத்து முடிவு மாறுகிறது. எல்லைக்கோடு எங்கோ அந்த நிமிடங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

கப்பல் புரோசிதா தீவில் நின்றது. மஞ்சளும் ரோஜா நிறமும் பூசிய மீனவர் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பையன் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிலர் இறங்கினார்கள், ஒரு மீன் வண்டி இறங்கியது, கப்பல் மறுபடி கிளம்பியது.

இஸ்கியாவின் துறைமுகம் வட்டமானது. பார்த்தவுடன் மனிதன் வெட்டிய குளம் என்று தோன்றும், ஆனால் அது ஒரு பழைய எரிமலை வாய். தண்ணீர் நிரம்பி ஏரியாகக் கிடந்ததை, 1854இல் நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டு கரையை வெட்டிக் கடலோடு சேர்த்துவிட்டார். எரிமலையின் வாய்க்குள் கப்பல் நுழைந்து திரும்பி, பின்பக்கமாக ஒட்டி நிற்கிறது. இறங்கியவுடன் எதிரே வரிசையாக நிற்பவை நம் ஊர் ஆட்டோவின் சொந்தக்காரர்கள்: பியாஜியோவின் மூன்று சக்கர 'ஆபே' வண்டிகள், மேலே துணிக்கூரை போட்டு டாக்சியாக ஓடுகின்றன. பேரம் பேசும் முறையும் நமக்குப் பழக்கமானதுதான். மீட்டர் இருக்கிறதா என்று கேட்டால் கிடைக்கும் அந்தப் பார்வைகூட.

துறைமுகத்திலிருந்து கோட்டை இருக்கும் பக்கமாக நடந்தால் வழியில் பைன் மரத்தோப்புகள். அவை நிற்பது 1302இல் ஓடிவந்து கடலில் விழுந்த எரிமலைக் குழம்பின் மேல். அதுதான் இந்தத் தீவின் கடைசி வெடிப்பு. கறுத்த பாறைமேல் ஊசியிலைகள் விழுந்து மெத்தையாகிக் கிடக்கின்றன. அதற்கும் அப்பால் அரகோன் கோட்டை, ஒரு பாறைத் தீவின் உச்சியில். கவிஞர் வித்தோரியா கொலோனாவுக்கு 1509இல் அங்கேதான் திருமணம் நடந்தது. மைக்கலாஞ்சலோவின் தோழியாகப் பின்னாளில் பெயர்பெற்றவர். ஊரின் பெரிய கடைவீதிக்கு அவர் பெயர்தான். கோட்டையைச் சுற்றிப் பார்க்க அரைநாள் வேண்டும் என்றார்கள். எனக்கு அரைநாள் பொறுமை இல்லை, பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

போட்டியின் தடயம் ஏதாவது கண்ணில் படுமா என்று ஒரு நப்பாசை. கல்வெட்டு, புகைப்படம், ஹோட்டல் சுவரில் ஒரு சட்டகம். எதுவும் கண்ணில் படவில்லை. எனக்கு அதில் ஏமாற்றமும் இல்லை. கிரேக்கர்கள் வந்து குடியேறிய ஊர், பூகம்பத்தில் ஆயிரக்கணக்கானவர்களை இழந்த ஊர், ஒரு சதுரங்கப் போட்டியைப் பத்திரப்படுத்தி வைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

இனி அந்தச் சின்னக் கணக்கு. ரெபெலை எழுதியவர் நெதர்லாந்தின் டெவெண்டர் ஊரைச் சேர்ந்த எட் ஷ்ரோடர். பெரிய ஆய்வகமோ நிறுவனமோ அல்ல, தனி ஆள். 1992இல் மாட்ரிடில் நடந்த கணினிச் சதுரங்க உலகப் போட்டியை அவருடைய 'கிடியன்' வென்றிருந்தது. இஸ்கியாவுக்கு ரெபெல் 10 வந்தது ஒரு தனிக்கணினியில்: ஏஎம்டி கே6-2 செயலி, 450 மெகாஹெர்ட்ஸ். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1997 மே மாதம், நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ காஸ்பரோவை 3½-2½ என்று வென்றிருந்தது. டீப் புளூ அலமாரி அலமாரியாக நின்ற இயந்திரம், நொடிக்கு இருபது கோடி நிலைகளைப் பார்க்கும், சதுரங்கத்துக்கென்றே வார்த்த நூற்றுக்கணக்கான சில்லுகள் அதற்குள் இருந்தன. ரெபெல் மேஜைமேல் வைக்கிற பெட்டி.

எதிரே இருந்த ஆனந்துக்கு அப்போது 28 வயது. ஜனவரியில் லோசானில் கார்போவிடம் உலகப் பட்டப் போட்டியில் தோற்றிருந்தாலும், அந்த வருடம் அவர் கை வைத்த இடமெல்லாம் வெற்றி. லினாரெஸ் போட்டியை வென்றிருந்தார். ஜூலைத் தரப்பட்டியலில் 2795 புள்ளிகள்; மேலே இருந்தவர் காஸ்பரோவ் ஒருவர்தான். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அன்றைய உலகின் பெரிய ஆட்டக்காரர்களில் வேகமாக யோசிப்பதற்குப் பேர்போனவர் ஆனந்த். சென்னை சோவியத் கலாசார மையத்தில் இருந்த டால் கிளப்பில் பிளிட்ஸ் ஆடியே வளர்ந்தவர். எதிராளி மணிக்கணக்கில் யோசிக்கும்போது இவர் அரைமணி நேரத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டு அரங்கில் உலாத்திய காலம் உண்டு. மின்னல் பையன் என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

எட்டு ஆட்டங்களும் மூன்று வகை. ஐந்து நிமிட பிளிட்ஸ் நான்கு. நகர்வுக்கு ஐந்து நொடி கூடுதல். அதில் ரெபெல் 3-1. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொண்ட ரேபிட் இரண்டு. அதில் ரெபெல் 1½-½. நாற்பது நகர்வுக்கு இரண்டு மணி நேரம் கொண்ட நீண்ட ஆட்டம் இரண்டு. அதில் ஆனந்த் 1½-½.

அதே மனிதர், அதே பெட்டி, அதே தீவு, மூன்றே நாள். மாறியது கடிகாரம் மட்டும். உலகத்தின் வேகமான மனிதர் வேகமான ஆட்டத்தில் தோற்றார், மெதுவான ஆட்டத்தில் வென்றார். மொத்தம் 5-3 என்று கூட்டிப்போட்டால் இந்த விஷயம் மறைந்துபோகிறது. எட்டு ஆட்டம் மிகக் குறைவு, அதை வைத்துப் பெரிய சட்டம் எதுவும் எழுதமுடியாது என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் கணினியோடு ஆடிய கிராண்ட்மாஸ்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை இந்த எட்டு ஆட்டங்கள் ஒரே தட்டில் வைத்துக் காட்டின. என் மதிப்பில் இது டீப் புளூ போட்டியைவிடச் சுத்தமான சோதனை. அங்கே காஸ்பரோவின் சந்தேகமும் கோபமும், ஐபிஎம்மின் பங்குச்சந்தைக் கணக்கும் குறுக்கே வந்தன. இங்கே யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

கடிகாரத்தோடு முடிவும் மாறியதன் காரணத்தை எப்போமியோ மலை ஏறும்போது நண்பர் ஒருவருக்குப் போனில் விளக்கிக்கொண்டு போனேன். தீவின் நடுவில் இருக்கும் இந்த மலை 789 மீட்டர். ஃபொந்தானா கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு மணி நேர நடை. பார்க்க எரிமலை மாதிரியே இருந்தாலும் இது எரிமலைக் கூம்பு இல்லை. பூமிக்கடியில் இருந்த அழுத்தத்தில் மேலே தூக்கப்பட்ட பாறைத் திட்டு. பாறை வெளிர்பச்சை நிறம். உச்சியில் அந்தப் பச்சைப் பாறையைக் குடைந்தே ஒரு சந்நியாசி மடமும் சின்னக் கோவிலும் செய்திருக்கிறார்கள். பாதி வழியில் சிக்னல் போய்விட்டது, விளக்கம் பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக முப்பது, முப்பத்தைந்து நகர்வுகள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு அதே அளவு பதில்கள். இரண்டு மூன்று நகர்வுக்குள் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டிவிடும். ஆல்ஃபா-பீட்டா என்ற கத்தரிப்பு முறையால் நிரல்கள் வீண் கிளைகளை வெட்டித் தள்ளுகின்றன. வெட்டிய பிறகும், இன்னும் ஒரு அரை நகர்வு, அதாவது ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு, ஆழமாகப் போகவேண்டுமானால் மூன்று நான்கு மடங்கு நேரம் கூடுதலாக வேண்டும். கிணறு வெட்டுவது மாதிரிதான். முதல் பத்தடி மண் மளமளவென்று வரும். பாறை வந்துவிட்டால் அடிக்கு ஒரு நாள். பிளிட்ஸில் நகர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி, நீண்ட ஆட்டத்தில் நகர்வுக்கு மூன்று நிமிடம். பதினைந்து மடங்குக்கு மேல். அவ்வளவு கூடுதல் நேரம் கொடுத்தும் இயந்திரத்துக்குக் கிடைப்பது இரண்டு மூன்று அரை நகர்வு ஆழம்தான்.

மனிதனுக்கு அதே நேரம் வேறு விதமாகப் பயன்படுகிறது. பத்து நொடியில் ஆனந்துக்குத் தெரிவது ஏற்கெனவே அவர் மனத்தில் படிந்துள்ள வடிவங்கள். எந்தக் குதிரை எங்கே நிற்கவேண்டும், எந்தச் சிப்பாய் பலவீனம் என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் வந்துவிடும். வராதது சரிபார்ப்பு. நல்ல நகர்வு என்று தோன்றியதில் எங்கோ மூன்று நகர்வு தள்ளி ஒரு பொறி இருக்கிறதா என்று எண்ணிப்பார்க்க நேரமில்லை. இயந்திரத்தின் பலம் முழுக்க அந்தப் பொறிகளில்தான். மூன்று நிமிடம் கிடைத்தால் பொறிகளில் பெரும்பாலானவை கண்ணில் பட்டுவிடும். அதற்குமேல் மனிதன் திட்டம் போடலாம், சிப்பாய்களைப் பூட்டி ஆட்டத்தை மூடலாம், இருபது நகர்வுக்கு அப்பால் வரப்போகும் ஒன்றைத் தயார் செய்யலாம். ரெபெலுக்கு அது தெரியாது, அதன் கண் பதினைந்து அரை நகர்வைக்கூட எட்டாத காலம் அது. தன் பார்வைக்கு அப்பால் இருக்கும் ஆபத்து அதற்கு ஆபத்தே இல்லை.

அதனால் ரேபிட் ஆட்டம் ஒரு வித்தியாசமான இடத்தில் இருந்தது. பிளிட்ஸில் தோற்றால் "அவசரத்தில் கை தவறிவிட்டது" என்று சொல்லித் தப்பிக்கலாம். நீண்ட ஆட்டத்தில் இன்னும் மனிதன் பாதுகாப்பாக இருந்தான். நடுவில் இருந்த பதினைந்து, இருபத்தைந்து நிமிடங்களில்தான் சண்டை உண்மையாக நடந்தது. 1994இல் இருபத்தைந்து நிமிடத்தில் ஆனந்த் 2-0 என்று வென்ற கோட்டை, 1998இல் பதினைந்து நிமிடத்தில் கையைவிட்டுப் போயிருந்தது. வேகம் குறைவான ரேபிட் ஒன்று அந்தத் தீவில் ஆடியிருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே உச்சிக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து காப்ரி தீவு தெரிந்தது. உணவகத்தில் இந்தத் தீவின் பிரசித்தமான முயல் கறி, தக்காளியும் வெள்ளை வைனும் சேர்த்து மண்சட்டியில் வேகவைத்தது. எலும்பு அதிகம், ருசி பரவாயில்லை. நம் ஊர் நாட்டுக்கோழியின் காரம் வராது.

தீவைச் சுற்றி இரண்டு பஸ் ஓடுகிறது. ஒன்று இடமாகச் சுற்றுவது, இன்னொன்று வலமாகச் சுற்றுவது. எதில் ஏறினாலும் கடைசியில் போகவேண்டிய ஊர் வந்துவிடும். கூட்டத்தில் நிற்கத் தயாராக இருந்தால் போதும். அப்படிப் போய் இறங்கியது லாக்கோ அமேனோ. கடலுக்குள் காளான் வடிவில் ஒரு பாறை நிற்கிறது. மேலே குன்றில் வில்லா அர்புஸ்தோ, ஒரு காலத்தில் பதிப்பாளர் ஆஞ்செலோ ரிட்சோலியின் வீடு. 1950களில் பணம் கொட்டி இந்த மீனவத் தீவைச் சுற்றுலாத் தீவாக்கியவர் அவர்தான். இப்போது அது அருங்காட்சியகம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் எயுபோயாவிலிருந்து வந்த கிரேக்கர்கள் மேற்கே அமைத்த முதல் குடியேற்றம் இங்கேதான். கண்ணாடிக்குள் ஒரு சின்ன மண்கோப்பை, நெஸ்தரின் கோப்பை. கிரேக்க எழுத்தில் கிடைத்த மிகப் பழைய வரிகளில் ஒன்று அதன் பக்கவாட்டில் கீறப்பட்டிருக்கிறது. ஒரு பழைய சிதைக்குழியில் கிடைத்தது.

கோப்பை கிடைத்த சான் மோந்தானோ வளைகுடாவில் இப்போது ஒரு வெந்நீர்ப் பூங்கா. பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன்: நெகொம்போ. நம் நீர்கொழும்புதான். இலங்கையில் பார்த்த கடற்கரையை இந்த வளைகுடா நினைவூட்டியதால் அந்தப் பெயரை வைத்தாராம் இதை உருவாக்கிய பிரபு. நேப்பிள்ஸ் நகரத்திலோ நிஜமான நீர்கொழும்புக்காரர்கள் நிறையப் பேர் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து பிழைக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பூங்காவின் நுழைவுச்சீட்டு கட்டுப்படியாகும் என்பது வேறு விஷயம்.

இஸ்கியாவுக்குப் பிறகு கோடு வேகமாக நகர்ந்தது. அதைச் சொல்லி முடித்துவிடலாம். 2001இல் ரெபெல் டச்சு கிராண்ட்மாஸ்டர் ஜான் வான் டெர் வீலோடு நீண்ட ஆட்டங்களில் 3-3, அடுத்த வருடம் மாஸ்ட்ரிக்ட்டில் லோக் வான் வேலியோடு 2-2. அந்த நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட டிரா இல்லை. அடித்தால் அடி, வாங்கினால் வாங்கல். 2002இல் பஹ்ரைனில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் விளாதிமிர் கிராம்னிக்கும் டீப் ஃபிரிட்ஸும் 4-4. அதுவரை நீண்ட ஆட்டத்தில் மனிதன் தாக்குப்பிடித்தான் எனலாம். 2005இல் லண்டனில் ஹைட்ரா என்ற இயந்திரம் மைக்கேல் ஆடம்ஸை 5½-½ என்று துவைத்துப் போட்டது. 2006இல் போன் நகரில் கிராம்னிக் மறுபடி டீப் ஃபிரிட்ஸோடு ஆடி 2-4 என்று தோற்றார். அதில் ஒரு ஆட்டத்தில் ஒரே நகர்வில் வரும் மேட்டைக் கவனிக்காமல் விட்டார், அதுவும் நேரம் தாராளமாக இருந்தபோது. 2009இல் புவெனஸ் அயர்ஸில் ஒரு கைபேசியில் ஓடிய 'பாக்கெட் ஃபிரிட்ஸ்' பத்து ஆட்டத்தில் 9½ எடுத்துப் போட்டியையே வென்றது. அதற்குமேல் போட்டி வைக்க யாருக்கும் ஆசை இல்லை. எத்தனை நிமிடம் என்ற கேள்வியே அர்த்தமிழந்தது.

ஆனந்த் இதில் மனம் உடைந்தவர் அல்ல. கணினியைத் தயாரிப்புக்கு முதலில் தீவிரமாகப் பயன்படுத்தத் தொடங்கிய தலைமுறை அவருடையது. மனிதர்களுக்கு இடையேயான ரேபிட் பட்டத்தை 2003இல் வென்றார், பதினான்கு வருடம் கழித்து 2017இல் ரியாத்தில் நாற்பத்தெட்டு வயதில் மறுபடி வென்றார். இயந்திரம் ரேபிட்டை எடுத்துக்கொண்டு போனதால் ரேபிட் சுவாரசியம் இழந்ததா என்றால், இல்லை. கணினித் தயாரிப்புக்கு எதிர்ப்பக்கமும் சென்னையில் உண்டு: குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சிறு வயதில் நெடுநாள் கணினி இயந்திரத்தின் பக்கமே விடாமல் வளர்த்தார். அந்தப் பையன் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனான். எது சரியான வழி என்று சென்னைக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது.

ஃபோரியோ ஊரில் கடலோரம் வெள்ளையடித்த சின்ன தேவாலயம் ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு காபிக்கடையில் கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என் காந்தப் பலகையைப் பார்த்து ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், ஆங்கிலம் தெரிந்தவர். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். ஆனந்த் இங்கே வந்தாரா, கேள்விப்படவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

"யார் ஜெயித்தது?"

"கணினி. ஐந்துக்கு மூன்று."

"ஜூலை மாசமா? அந்த வெயிலில் கணினியைத் தவிர யார் ஜெயிப்பார்?"

நீண்ட ஆட்டத்தில் ஆனந்த்தான் வென்றார் என்றேன். அப்படியா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்றைக்கும் இரண்டு மணி நேரம் கொடுத்தால் முடியுமா என்று கேட்டார். இரண்டு மாதம் கொடுத்தாலும் முடியாது என்றேன். "சரி, அப்போது அதை விடுங்கள்" என்று சொல்லி வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். போனில் கடிகாரம் வைத்தோம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். அவர் மருந்துச்சீட்டு படிப்பவர் மாதிரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு நகர்வுக்கும் முனகினார். சீட்டாட்டத்தை விட்டுவிட்டு இன்னும் இரண்டு கிழவர்கள் வந்து நின்று, ஆட்டம் தெரியாமலே இரண்டு பேருக்கும் யோசனை சொன்னார்கள்.

முப்பது நகர்வு போனபோது அவருக்கு நான்கு நிமிடம் மிச்சம், எனக்கு ஒன்றரை. அவருடைய யானைகள் இரண்டும் என் பக்கத்து இரண்டாவது வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தன. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி. சாப்பாடு ஆறுகிறது போலிருக்கிறது. பேசி முடித்துவிட்டு, பலகையை ஒரு தடவை பார்த்து, "டிராவா?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. கை கொடுத்துவிட்டேன்.